கட்டடத்தின் கணக்கு யாருக்குத் தெரிய வேண்டும்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே அதிக உயிர்களைக் காவுகொண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த அக்கரையோரத்தில் பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் ஒரே அலையில் சிதைந்தன. அதன்பின் இரு தசாப்தங்கள் கடந்துவிட்டன. வீடுகள் எழுந்தன, பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் மாடிகளாயின. கிறீன்பீல்ட் என்றும், பொலிவேரியன் கிராமம் என்றும், அறுபத்தைந்து மீற்றர் வீட்டுத் திட்டம் என்றும் அவற்றுக்குப் பெயர்கள் நிலைத்துவிட்டன.

ஆயினும், இந்தக் கட்டடங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதன் தூணில் இருக்கும் கம்பியின் கனம் என்ன, கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, கூரையை யார் எந்த விலைக்குப் போட்டார்கள், கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் யார்? கட்டிய நிறுவனம் நாட்டைவிட்டுப் போய்விட்டது. ஒப்பந்தக்காரர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். வரைபடம் ஏதேனும் ஓர் அலுவலக அலுமாரியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் குடியிருப்பவருக்கோ, சுவரில் வெடிப்பு விழுந்த பின்னரே இக்கேள்விகள் எழுகின்றன.

உலகின் வேறு இடங்களில் இக்கேள்விகளுக்கு விடைகாண ஒரு புதிய ஏற்பாடு பேசப்படுகின்றது. 'டிஜிட்டல் இரட்டை' என்பது அதன் பெயர். நமது பிரதேசத்துக்கு இது எட்டாக்கனி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த ஏற்பாட்டின் உள்ளே இருக்கும் கேள்வி, அதாவது கட்டடத்தைப் பற்றிய தகவல் யாரிடம் இருக்க வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும் என்பது, கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மிக நெருக்கமானது. எனவே அதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

இரட்டை என்பது என்ன?

டிஜிட்டல் இரட்டை என்பது, நிலத்தில் நிற்கும் ஒரு கட்டடத்துக்குக் கணனியில் அமைக்கப்படும் உயிருள்ள நிழல் எனலாம். வெறும் முப்பரிமாணப் படமன்று. கட்டடத்தின் ஒவ்வொரு சுவரும், குழாயும், நீர்ப்பம்பியும், மின்கம்பியும் அதில் தனித்தனிப் பொருளாகப் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனைச் செய்தவர், பொருத்திய நாள், உத்தரவாதக் காலம், பழுதுபார்த்த வரலாறு ஆகியன இணைக்கப்பட்டிருக்கும். கட்டடத்தில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பம், ஈரப்பதன், மின்நுகர்வு, நீர்மட்டம், அதிர்வு ஆகியவற்றை இடையறாது அனுப்பிக்கொண்டிருக்க, கணனியிலுள்ள இரட்டையும் அதற்கேற்ப மாறிக்கொண்டேயிருக்கும்.

ஒரு மூன்று மாடி வைத்தியசாலைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மேல்மாடித் தாங்கியில் நீர் வழமையைவிட வேகமாகக் குறைகின்றது. இரட்டை இருந்தால், எந்தக் குழாய்ப் பகுதியில் கசிவு இருக்கக்கூடும் என்பதையும், அக்குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகின்றது என்பதையும், அதை மூடுவதற்கான வால்வு எங்கே உள்ளது என்பதையும் பராமரிப்பு உத்தியோகத்தர் திரையில் காணலாம். இல்லாவிட்டால், பத்து இடத்தில் சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும். நம்மூர்களில் எந்த வழி கையாளப்படுகின்றது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணத்தின் வேர் விண்வெளியில் இருக்கின்றது. 1970 ஏப்ரலில் அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது, தரையிலிருந்த பயிற்சி மாதிரிக் கலங்களில் ஒவ்வொரு மாற்று வழியையும் முதலில் செய்து பார்த்தே மூன்று வீரர்களையும் உயிருடன் மீட்டனர். 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர், ஒரு பொருளுக்கு அதன் ஆயுள் முழுவதும் தகவல் வடிவில் ஓர் இணை இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். 2010 அளவில் நாசா நிறுவனத்தின் ஆவணங்களில் 'டிஜிட்டல் இரட்டை' என்ற பெயர் இடம்பெற்றது. விமான இயந்திரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயன்பட்டு வந்த இம்முறை பின்னர் கட்டடங்களுக்கும் நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூர் 2014இல் ஏழு கோடியே முப்பது இலட்சம் சிங்கப்பூர் டொலர் செலவில் முழுத் தீவுக்குமான இரட்டை ஒன்றை அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி தனது முப்பரிமாண நகர மாதிரியைத் திறந்த தரவாக வெளியிட்டு, எவரும் இறக்கிப் பயன்படுத்த வழிசெய்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. முன்னது பெரும்பாலும் அரச முகவரகங்களின் திட்டமிடலுக்கான கருவி. பின்னது குடிமகன் கையிலும் கொடுக்கப்பட்ட கருவி. தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றே, வெளிப்படைத்தன்மை ஒன்றன்று. இரட்டையை அமைத்துவிட்டால் தகவல் தானாக வெளிவந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

எழுபத்திரண்டு உயிர்கள் கேட்ட கேள்வி

கட்டடத் தகவலை ஆடம்பரப் பொருளாகக் கருதுவோர் 2017 ஜூன் 14ஆம் திகதி லண்டனில் நடந்ததை நினைவிற் கொள்ள வேண்டும். கிரென்பெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பில் ஒரு சமையலறையில் பற்றிய தீ, வெளிச்சுவரில் அழகுக்கும் வெப்பக் காப்புக்குமாகப் பொருத்தப்பட்ட தகடுகள் வழியே சில மணித்தியாலங்களுக்குள் கட்டடம் முழுவதையும் சூழ்ந்தது. எழுபத்திரண்டு பேர் இறந்தனர். அங்கு வாழ்ந்தோரில் கணிசமானவர்கள் குறைந்த வருமானமுடைய குடியேறிகள், முஸ்லிம்களும் பலர். ரமழான் மாதம் ஆகையால் சஹருக்காக விழித்திருந்தவர்கள் அயலவர்களை எழுப்பியதாக அந்நாட்களில் செய்திகள் வந்தன.

குடியிருப்பாளர்கள் தீப்பாதுகாப்புப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தார்கள். அவர்களுக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. எந்தத் தகடு பொருத்தப்பட்டுள்ளது, அது எரியக்கூடியதா, அனுமதித்தவர் யார் என்பன அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியாத விடயங்களாகவே இருந்தன. விபத்தின் பின் ஜூடித் ஹக்கிட் தலைமையில் 2018 மே மாதம் வெளியான மீளாய்வு, ஒரு கட்டடத்தின் வடிவமைப்புத் தொடக்கம் பராமரிப்பு வரையான தகவல் அறுபடாத 'பொன்னிழை'யாகத் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதனை உயரமான குடியிருப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. கட்டடத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது பெயர் குறிப்பிடப்பட்டுப் பதிவாக வேண்டும்; தகவல் இலத்திரனியல் வடிவில் பேணப்பட வேண்டும்; குடியிருப்பாளர் கேட்டால் பாதுகாப்புத் தகவல் வழங்கப்பட வேண்டும்.

நமது நாட்டிலும் எச்சரிக்கை கிடைக்காமலில்லை. கிரென்பெல் விபத்துக்கு ஒரு மாதத்துக்கு முன், 2017 மே 18ஆம் திகதி, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பல மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. எத்தனை மாடிக்கு அனுமதி, யார் பரிசோதித்தார் என்ற கேள்விகள் இடிபாடுகளை அகற்றும்போதுதான் உரத்துக் கேட்கப்பட்டன. சில நாட்களில் செய்தி அடங்கிவிட்டது.

கரையோர மண்ணில் கட்டடம்

கல்முனை மாநகர எல்லைக்குள் கடலுக்கும் வயலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலப்பட்டியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். பக்கவாட்டில் விரிய இடமில்லை. ஆகவே வீடு மேல்நோக்கி வளர்கின்றது. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வளவு இல்லாதபோது மாடி போடுவதே வழக்கமாகிவிட்டது. கீழ்த்தளத்துக்கு மட்டும் போடப்பட்ட அத்திவாரம் இரண்டாம் மாடியைத் தாங்குமா என்பதை மேசனின் அனுபவமே தீர்மானிக்கின்றது. அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் தீர்மானித்தது எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை.

கடற்காற்றில் உப்பு உண்டு. அது கொங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து கம்பியை அடைகின்றது. துருப்பிடித்த கம்பி, இரும்பாக இருந்தபோது கொண்ட இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கொங்கிரீட் வெடித்துச் செதில் செதிலாக விழுகின்றது. கம்பிக்கு வெளியே விடப்பட்ட கொங்கிரீட்டின் தடிப்பு எவ்வளவு, மணல் எங்கிருந்து வந்தது, அது கழுவப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தே கட்டடத்தின் ஆயுள் அமைகின்றது. சுனாமிக்குப் பின்னரான அவசரத்தில், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மணலும் கல்லும் தேவைப்பட்ட அந்நாட்களில், இவை எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கவனிக்கப்பட்டிருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அக்கட்டடங்கள் இப்போது இருபது வயதை எட்டியுள்ளன அல்லது நெருங்குகின்றன. உப்பின் வேலை வெளியே தெரியத் தொடங்கும் வயது இது.

மண்ணுக்கடியிலும் ஒரு விடயம் உண்டு. மணற்பாங்கான இந்நிலத்தில் நிலத்தடி நீர் மேலாகவே கிடைக்கின்றது. மலசலகூடக் குழியும் கிணறும் சில அடி தூரத்தில் அயல் வளவுகளில் இருக்கின்றன. எந்த வளவில் குழி எங்கே என்ற வரைபடம் ஒன்று இருந்தால், எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கலாகாது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தெருத் தெருவாகச் சொல்ல முடியும். மாடிக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. பலருக்குப் பொதுவான குழியும் குழாயும் பழுதுபட்டால் யார் செலவிடுவது என்ற வினா எழுகின்றது. மாடி வீடுகளின் பொதுப் பகுதிகளைப் பேணுவதற்கென 1973ஆம் ஆண்டிலேயே சட்டங்கள் இயற்றப்பட்டன; 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையும் இயங்குகின்றது. ஆயினும் எது பொதுச் சொத்து, எது தனிச் சொத்து என்பதைக் காட்டும் வரைபடமும் உறுதிப்பத்திரமும் கையில் இல்லாத குடியிருப்பாளர் அச்சட்டத்தை வைத்து என்ன செய்வார்?

தரவுத்தளம் மறைந்தது, மென்பொருள் வாழ்ந்தது

சுனாமிக்குப் பின் தகவலைத் திரட்டுவதற்கு முயற்சியே நடக்கவில்லை என்று கூறுவது நியாயமன்று. முழுமையாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதி சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் உரிமையாளருக்கே வழங்கி அவரே கட்டிக்கொள்ளும் திட்டமும், கரையோரத் தடை வலயத்துக்குள் வீடிழந்தோருக்குக் கொடையாளிகள் வேறிடத்தில் கட்டிக்கொடுக்கும் திட்டமும் நடைமுறைப்படுத்தப்பட்டன. தடை வலயம் முதலில் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள், எஞ்சிய பகுதிகளில் 100 மீற்றர் என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கு அளவுநாடாவின் இலக்கமே பெயரானது இந்தக் குழப்பத்தின் எச்சம்தான்.

வந்த உதவிகளைப் பதிவதற்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன் அபிவிருத்தி உதவித் தரவுத்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. புனரமைப்புக்காக நிறுவப்பட்ட 'ராடா' நிறுவனத்தின் கீழ் அது இணையத்தில் இயங்கியது. எந்த நாடு எவ்வளவு வாக்களித்தது, எந்தத் துறைக்கு எவ்வளவு சென்றது என்பன அதில் தெரிந்தன. ஆனால் பணத்தைப் பின்தொடர்ந்த அத்தளம் கட்டடத்தைப் பின்தொடரவில்லை. ஒரு கருத்திட்டம் 'முடிவுற்றது' என்று பதிவானவுடன் அதன் கதையும் முடிவுற்றது. சில ஆண்டுகளில் ராடாவும் இல்லாமற்போய், பொறுப்புகள் வேறு அமைச்சுகளுக்குப் பிரிந்தன. இன்று பாண்டிருப்பிலோ நிந்தவூரிலோ உள்ள ஒருவர் தமது வீட்டுத் திட்டத்தின் விபரத்தை அங்கு தேடிப் பெற இயலாது.

அதே நாட்களில் கொழும்பில் தன்னார்வ மென்பொருளாளர்கள் சிலர் ஒன்றுகூடி 'சகானா' என்ற மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்கான அம்மென்பொருளை லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவுடன் திறந்த மூல நிரலாக வெளியிட்டனர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டு சமூகப் பயன்பாட்டுக்கான கட்டற்ற மென்பொருள் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஒரே அனர்த்தத்தில் பிறந்த இரண்டில் ஒன்று நிறுவனத்தோடு மறைய, மற்றது நாடு நாடாகச் சென்று வாழ்ந்ததற்குக் காரணம் நிரல் எவருடைய அலுமாரிக்குள்ளும் பூட்டப்படாமல் இருந்ததே. டிஜிட்டல் இரட்டை பற்றிப் பேசும் நிறுவனங்கள் நமது உள்ளூராட்சி மன்றங்களின் கதவைத் தட்டும் காலம் வரும். அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒப்பந்தம் முடிந்த மறுநாள் தரவு யாரிடம் இருக்கும்? ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பாக அது கிடைத்தால், பணம் கட்டத் தவறிய மாதமே மாநகர சபை தன் கட்டடங்களைப் பற்றி மீண்டும் ஒன்றும் அறியாததாகிவிடும். கட்டடத் தகவலை எந்த மென்பொருளும் வாசிக்கத்தக்கவாறு எழுதுவதற்கு 'ஐ.எப்.சி.' எனப்படும் திறந்த சர்வதேச நியமம் உள்ளது. கேள்விப்பத்திரத்தில் ஒரு வரியாக அதைச் சேர்ப்பதற்குச் செலவு இல்லை.

மறைக்கப்பட்ட கணக்கும் அயலவர் சந்தேகமும்

இக்கரையோரத்தில் தகவலின்மைக்கு வேறெங்கும் இல்லாத ஒரு விலை உண்டு. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒரு வீதியால் பிரிக்கப்பட்டிருக்கும் இடத்தில், கணக்கு வெளியே வராவிட்டால் ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்புக்கே கூடுதலாகக் கிடைத்தது என்று நம்பும். 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பில், அதிகம் இழந்தோரில் அடங்கும் முஸ்லிம்கள் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை என்ற மனக்குறை எழுந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்ததால், அக்கட்டமைப்பு எவருக்கும் பயன்படாமலே போயிற்று.

அக்கரைப்பற்றுக்கு அண்மித்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதை இதனினும் வேதனையானது. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றோடு எழுந்த அக்குடியிருப்பு, யாருக்கு எந்த விகிதத்தில் வழங்குவது என்ற பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதனால், கட்டி முடிந்தும் பத்தாண்டுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. காடு மண்டியது, கதவும் யன்னலும் களவுபோயின. பிணக்கின் நியாயத்தை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் பயனாளிகளின் பட்டியல் எந்த அளவுகோலின்படி தயாரிக்கப்பட்டது, எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம் காணியிழந்தது என்ற விபரங்கள் தொடக்கத்திலேயே மூன்று மொழியிலும் பகிரங்கமாக ஒட்டப்பட்டிருந்தால், வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திராது என்பது எமது கணிப்பு. குடியிருப்பின் சுவர்கள் ஆண்டுதோறும் எவ்வளவு பழுதடைகின்றன, அவற்றை மீட்க எவ்வளவு வேண்டும் என்ற கணக்காவது வெளிவந்திருக்கலாம்.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதமும், சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்ட அறிவித்தலும் எல்லைகள் பற்றிய பிணக்குகள். எல்லை எங்கே விழுந்தாலும் வடிகாலும் நீர்க்குழாயும் அதை மதித்து ஓடப்போவதில்லை. நாளை ஒரு சபை இரண்டாகப் பிரிந்தால் எந்தக் கட்டடத்தின் கோப்பு யாரிடம் போகும்? இருக்கின்ற சபையிடமே கோப்பு முழுமையாக இல்லாத நிலையில் பிரிப்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவரும் உளர்.

வெளிப்படைக்கும் ஓர் எல்லை

எல்லாவற்றையும் திறந்து வைப்பது வெளிப்படைத்தன்மை ஆகாது. ஒரு வீட்டில் மின்சாரமும் நீரும் எந்நேரத்தில் எவ்வளவு பாவிக்கப்படுகின்றன என்ற தரவு, அவ்வீட்டில் எத்தனை பேர் உள்ளனர், எப்போது ஆளில்லை, எப்போது உறங்குகின்றனர் என்பதையெல்லாம் சொல்லிவிடும். கணவர் வளைகுடாவில் உழைக்க, பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வாழும் வீடுகள் நிறைந்த ஊர்களில் இது சிறிய விடயமன்று. 2019 ஏப்ரல் 26ஆம் திகதிச் சாய்ந்தமருதுச் சம்பவத்தின் பின் வீடு வீடாக நடந்த சோதனைகளை மறக்காத மக்களிடம், உங்கள் சுவரில் ஓர் உணரியைப் பொருத்தப் போகிறோம் என்று சொன்னால், அது யாருக்கு அறிவிக்கும் என்றே முதலில் கேட்பார்கள். கேட்பதும் நியாயமே.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கான அரண். அதன் முழுமையான நடைமுறைப்படுத்தல் தள்ளிப்போனதும் தெரிந்ததே. ஆகவே கோட்டை முதலிலேயே தெளிவாகப் போட வேண்டும். பொதுப் பணத்தில் எழுந்த கட்டடத்தின் வரைபடம், பி.ஓ.கியூ. எனப்படும் அளவைப் பட்டியல், செலவு, பரிசோதனை அறிக்கை, பராமரிப்புப் பதிவேடு ஆகியன பொதுமக்களுக்குரியவை. அதற்குள் வாழ்பவரின் நடமாட்டமும் நுகர்வும் அவருக்கே உரியவை. கட்டடம் வெளிப்படையாக இருக்கட்டும். குடும்பம் வெளிப்படையாக இருக்க வேண்டியதில்லை.

பதிவேட்டிலிருந்து தொடங்குதல்

உணரிகளும் முப்பரிமாணத் திரைகளும் வாங்கப் பணமில்லை என்ற பதில் உடனே வரும். உண்மைதான், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் உள்ளூராட்சி மன்றம் ஒன்றிடம் அதைக் கேட்பது பொருத்தமுமன்று. ஆனால் நியூயோர்க் நகரம் செய்ததைப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு பெரிய கட்டடங்களின் சக்தி நுகர்வை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2020 முதல் அக்கட்டடங்களின் வாசலில், பாடசாலைப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் போல, ஓர் எழுத்துத் தரத்தை ஒட்டவேண்டும் என்றும் விதித்தது. உலகின் செல்வம் மிகுந்த நகரம், தன் மக்களிடம் தகவலைக் கொண்டுசேர்க்கத் தேர்ந்தெடுத்தது வாசற்கதவில் ஒட்டிய ஒரு தாளை.

கல்முனைக்குத் தேவைப்படும் முதற்படியும் ஏறக்குறைய அத்தகையதே. சுனாமிக்குப் பின் எழுந்த ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் வீட்டுத் தொகுதிக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தின் கீழ் கட்டியவர், நிதியளித்தவர், முடிந்த ஆண்டு, கிடைக்கின்ற வரைபடம், கண்ட பழுதுகள், தீர்த்த நாள். வரைபடம் கிடைக்காதவிடத்து அளந்து புதிதாக வரையலாம். கையடக்கத் தொலைபேசியும் அளவுநாடாவும் கொண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் உயர்தர வகுப்பு முடித்த இளைஞர்களும் செய்யக்கூடிய வேலை அது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. கடலரிப்பும் உப்புக்காற்றும் அதன் வாசலிலேயே உள்ளன. இப்பிரதேசக் கட்டடங்களின் நிலையை ஆண்டுதோறும் பதிவு செய்வதைவிடச் சிறந்த களப்பயிற்சி அம்மாணவருக்கு வேறு எங்கு கிடைக்கும்? இப்பதிவேடு நிலைத்த பின், அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை ஆதார வைத்தியசாலை போன்ற, ஒரு மணிநேர மின்தடையும் உயிராபத்தாகும் இடங்களில் உணரிகளைப் பொருத்தி உண்மையான இரட்டையாக வளர்க்கலாம். அடித்தளப் பதிவு இல்லாமல் அமைக்கப்படும் இரட்டை, திறப்பு விழாவன்று அமைச்சருக்குக் காட்டும் படமாகவே முடியும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் பின் நாட்டின் பல மாவட்டங்களில் மீண்டும் புனரமைப்புப் பேச்சு எழுந்துள்ளது. புதிய வீடுகள், புதிய கொடையாளிகள், புதிய பெயர்ப்பலகைகள் வரும். மலையகத்தில் எழப்போகும் வீட்டின் வரைபடம் 2045இல் யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். அம்பாறைக் கரையோரம் அந்த விடயத்தில் ஒரு பாடநூல்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பலரால் கவனிக்கப்படாத ஒன்று. வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட கருத்திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னரே, அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியோருக்கும் பொறுப்பான அமைச்சர் அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. ஐந்து இலட்சம் ரூபா என்பது இன்று ஒரு பாடசாலையின் மதிலுக்கே போதாது. ஆகவே ஏறக்குறைய எல்லாப் பொதுக் கட்டட வேலைகளும் அப்பிரிவுக்குள் அடங்கும்.

ஏற்கெனவே எழுந்த கட்டடத்தைப் பற்றி அறிய விரும்புவோர், மாநகர சபையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் கூற வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் பதிய உத்தியோகத்தர் உதவ வேண்டும். வேலை நாட்கள் பதினான்குக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தில் கட்டடத்தின் பெயரையும் இடத்தையும் தெளிவாகக் குறிப்பிட்டு, இறுதி வரைபடம், அளவைப் பட்டியல், இணக்கச் சான்றிதழ், கையளித்த திகதி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. 'எல்லா விபரமும் தருக' என்று கேட்டால், 'விபரம் தெளிவில்லை' என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு இடமளித்ததாகிவிடும்.